முதலில் வாசிக்கப் பழகுங்கள்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து நிரல் எழுத வருவோருக்கு

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, எந்த லாங்குவேஜ் படிச்சா வேலை கிடைக்கும்?" கல்லடியில் எங்கள் வீட்டுக்கே நேரே வருபவர்கள் உண்டு. படுவான்கரையிலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள் உண்டு. அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கமிருந்து போனில் கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

14 வருடமாக மென்பொருள் எழுதித்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை செய்தால், புதிதாக எழுதுவது ஒன்றரை மணி நேரம் இருந்தால் பெரிய காரியம். மிச்சமெல்லாம் வாசிப்பு. நேற்று நான் எழுதியது, மூன்று வருடத்துக்கு முன் வேறு யாரோ எழுதிவிட்டுப் போனது, கையேடு, பிழைச் செய்தி, வாடிக்கையாளர் அனுப்பிய நீண்ட மின்னஞ்சல். ஆனால் புதிதாக வருபவர்களுக்கு எழுதத்தான் பழக்குகிறார்கள், வாசிக்க யாரும் பழக்குவதில்லை. ஆறு மாதத்தில் நிறையச் சின்ன நிரல்கள் எழுதியிருப்பார்கள். இன்னொருவருடைய நிரலைத் திறந்து காட்டினால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார்கள். ஆகவே கீழே வரும் படிகள் எல்லாம் ஏதோ ஒரு வகை வாசிப்பைப் பற்றியவைதான்.

தேவையான சாமான்

புது லெப்டொப்புக்குக் காசு சேர்த்துவிட்டுத் தொடங்கலாம் என்று இருக்க வேண்டாம். 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினி போதும். விண்டோஸ் இழுபட்டால் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள். இலவசம், பழைய இயந்திரத்திலும் ஓடும். முதல் மொழியாகப் பைதனை எடுங்கள். உயர்தர ஐ.சி.டி. பாடத்தில் அது இருப்பதால், தமிழில் விளங்கப்படுத்தக்கூடிய ஆசிரியர் ஒருவர் பக்கத்து ஊரிலேயே கிடைப்பார். எது நல்ல மொழி, எது நல்ல எடிட்டர் என்ற வாக்குவாதம் இந்தத் துறையில் முடியவே முடியாது. முதல் ஒரு வருடம் அதற்குள் இறங்க வேண்டாம். பைதன் வெளிவந்தது 1991இல். நீங்கள் படித்து முடிக்கும்வரை அது எங்கேயும் போய்விடாது.

பைதனைப் போடும்போதே அதன் முழுக் கையேட்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சிப் கோப்பாகக் கிடைக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கம் போன் சிக்னலும் போய்விடும். அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது போனில் கிடந்த அந்தக் கையேடுதான். பத்து வருடம் பைதன் பாவித்தும் ஒரு தடவைகூடத் திறந்திராத அத்தியாயங்களை, வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து அப்போதுதான் வாசித்தேன். நான் இருபது வரியில் எழுதிக்கொண்டிருந்த பல வேலைகளுக்கு அதிலே ஒரு வரியில் வழி இருந்தது.

பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலே வாசியுங்கள்

முதல் வாரமே இதைப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். இந்த மூன்று வரியையும் ஒரு கோப்பில் எழுதுங்கள். கடைசி வரியில் வரும் பிரிண்ட் என்ற சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மதிப்பைப் பிடித்து வைக்கும் மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பைதன் 3 ஏற்றுக்கொள்ளும்.

மூட்டை = 40
எடை = 65
பிரிண்ட்(மூட்டை * எடே)

ஓடவிட்டால் சில வரிகள் வந்து விழும். புதிதாக வருபவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவுடன் ஜன்னலை மூடிவிடுகிறார், அல்லது படம் பிடித்து எனக்கு அனுப்பிவிடுகிறார். அப்படிச் செய்யாமல் கடைசி வரியைப் பாருங்கள். 'நேம் எரர்' என்று தொடங்கி, 'எடே' என்ற பெயரை யாரும் அறிவிக்கவில்லை என்று சொல்லும். புதிய பதிப்பு என்றால், 'எடை'யைத்தான் எழுத நினைத்தீர்களா என்றும் கேட்கும். அதற்கு மேலே கோப்பின் பெயரும் வரி எண் 3 என்றும் இருக்கும். என்ன நடந்தது என்பது கீழே, எங்கே நடந்தது என்பது அதற்கு மேலே. அவ்வளவுதான்.

அப்புறம், கொப்பி ஒன்று வாங்கி ஒவ்வொரு புதுப் பிழைச் செய்தியையும் கையால் எழுதுங்கள். பக்கத்தில் அது ஏன் வந்தது என்று தமிழில் ஒரு வரி. ஒரு மாதத்தில் அதே ஏழெட்டுச் செய்திகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரியவரும்.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. தெராக்-25 என்று ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் இருந்தது. 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அதில் சிகிச்சை பெற்ற ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சுப் பட்டது, சிலர் உயிரிழந்தார்கள். அதற்கு முந்திய மாதிரிகளில் தவறைத் தடுக்கத் தனியான பொறிமுறைப் பூட்டுகள் இருந்தன. இந்த மாதிரியில் அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் விட்டார்கள். இயக்குபவர் திரையில் தவறாகத் தட்டிய ஒரு எழுத்தை எட்டு வினாடிக்குள் திருத்திவிட்டால், அந்தத் திருத்தம் இயந்திரத்தின் உள்ளே சரியாகப் போய்ச் சேரவில்லை. வேலையில் கைதேர்ந்து வேகமாகத் தட்டியவருக்குத்தான் அது அகப்பட்டது. அப்போது திரையில் வந்த செய்தி 'மல்ஃபங்ஷன் 54'. அவ்வளவுதான். 54 என்றால் என்ன என்று இயக்குபவரின் கையேட்டில் ஒரு விளக்கமும் இல்லை. அந்த மாதிரி எண்கள் அடிக்கடி வந்துபோனதால், ஒரு விசையைத் தட்டித் தொடர்வது அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது. நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் இருவரும் 1993இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதிய கட்டுரை இலவசமாகக் கிடைக்கிறது. நான் வருடத்துக்கு ஒரு தடவையாவது அதை வாசிக்கிறேன். நாளைக்கு நீங்கள் எழுதும் நிரலும் யாரோ ஒரு தாதிக்கோ காசாளருக்கோ பிழைச் செய்தி காட்டும். அதிலே என்ன நடந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் அவர்களுக்கு விளங்கும் சொல்லில் இருக்க வேண்டும்.

ஆங்கிலக் கையேடு

தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் தயங்குவது இங்கேதான். நானும் அப்படிப் படித்தவன்தான். கையேட்டு ஆங்கிலம் கதைப்புத்தக ஆங்கிலம் மாதிரி இல்லை. வாக்கியம் சின்னது, அதே சொற்கள் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொன்றுக்கும் அகராதி தரும் பொருளோடு நிற்காமல், அந்தச் சொல் வேலையில் என்ன செய்யச் சொல்கிறது என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். உதாரணமாக 'டெப்ரிகேட்டட்' என்ற சொல்லுக்கு என் கொப்பியில் இருப்பது இது: "இப்ப வேலை செய்யும். ஆனால் புதிதாக எழுதும்போது பாவிக்க வேண்டாம், ஒருநாள் எடுத்துவிடுவார்கள்." அகராதியில் இப்படிக் கிடைக்காது.

இதைச் சொல்லும்போது ஒரு பெரியவரை நினைக்க வேண்டும். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1930களில் சென்னையில் அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். இன்று நாம் தயங்காமல் சொல்லும் அறிவியல் தமிழுக்குப் பின்னால் அந்த மாதிரி உழைப்பு இருக்கிறது. நீங்கள் கொப்பியில் எழுதும் அந்த ஒரு வரியும் அதே வேலையின் ஒரு சின்னத் துண்டுதான்.

உங்கள் ஊர்ப் பெயரைக் கணினி எப்படி வாசிக்கிறது

எங்களுக்கென்றே உள்ள பாடம் இது. வெளிநாட்டுப் பாடநெறிகளில் இது வராது. ஆனால் இந்தப் பக்கத்தில் எந்த அலுவலகத்துக்கு மென்பொருள் செய்தாலும் முதல் வாரமே இதில் முட்டுவீர்கள்.

ஒரு சொல்லின் நீளத்தைச் சொல்ல பைதனில் 'லென்' என்று ஒரு செயல் இருக்கிறது. அதற்கு 'மட்டக்களப்பு' என்று கொடுத்துப் பாருங்கள். பாலர் வகுப்பில் படித்தபடி எண்ணினால் ம, ட், ட, க், க, ள, ப், பு என்று எட்டு எழுத்து. கணினி 12 என்று சொல்லும். காரணம், உலக மொழிகளின் எழுத்துக் குறிகளுக்கு எண் கொடுக்கும் முறையான யுனிகோடில் 'ட்' என்பது ட ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறி. 'பு' என்பதும் ப, உகரக் குறி என இரண்டு. அதே சொல்லை யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 36. பெயருக்கு 20 பைட் போதும் என்று யாராவது தரவுத்தளத்தை அமைத்திருந்தால் எங்கள் ஊர் அதற்குள் அடங்காது. சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் உகரக் குறி முதலில் வந்து ஒட்ட இடமில்லாமல் நிற்கும். இப்படித் தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே பிரித்துத் தருவதற்கு 'ஓப்பன்-தமிழ்' என்று ஒரு திறந்த நிரல் தொகுப்பு இருக்கிறது. அதை நிறுவிப் பாவிப்பதோடு நில்லாமல், திறந்து எப்படிப் பிரிக்கிறார்கள் என்று வாசியுங்கள்.

இதைவிடக் கண்ணைக் கட்டும் ஒன்று உண்டு. 'பொன்னம்மா' என்ற பெயரின் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ப-வுக்குப் பிறகு ஒகரக் குறி ஒன்றாக வரலாம். அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒரே பொன்னம்மாதான். கணினிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். ஒரு தடவை பயனாளிகள் பட்டியல் ஒன்றில் ஒரு அம்மாவின் பெயரைத் தேடத் தேட இல்லை என்றே வந்தது. அவர் பக்கத்துக் கதிரையில் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்; பட்டியலை உருட்டினால் அவருடைய பெயர் கண்முன்னே தெரிகிறது. அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அந்த அம்மா போகும்போது, "பரவாயில்ல மகன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பைதனில் 'யுனிகோட்டேட்டா' என்ற தொகுதியில் இருக்கும் 'நோர்மலைஸ்' இந்த இரண்டையும் ஒன்றாக்கும். பெயரைச் சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் அதைச் செய்துவிடுங்கள்.

அகர வரிசையும் அப்படியே. யுனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்ததாகவும், ழ என்பது ள-வுக்குப் பின்னாலும் இருப்பதால், சும்மா வரிசைப்படுத்தினால் நாம் பள்ளியில் படித்த வரிசை வராது.

இங்கே பழைய கோப்புகளும் நிறைய இருக்கின்றன. பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதம், பட்டியல், விழா மலர். பாமினியில் 'அம்மா' என்று தெரிவது உண்மையில் எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஐந்து ஆங்கிலத் தட்டல்கள்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா போய் அந்த ஐந்தும் மட்டும் நிற்கும். பாமினியை யுனிகோடாக மாற்றும் நிரலை உங்கள் மூன்றாவது அல்லது நான்காவது மாதப் பயிற்சியாக எழுதிப் பாருங்கள். கொம்பு முன்னால் வருகிற எழுத்துகளில் மினக்கெட வேண்டியிருக்கும்: பாமினியில் கொம்பு முதலில், யுனிகோடில் மெய் முதலில். அதை நீங்களே சமாளித்துவிட்டால் எழுத்தும் கணினியும் பற்றி இனி யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

பக்கத்தில் உள்ள ஒருவருக்கு ஒன்று செய்து கொடுங்கள்

நான் காசுக்குச் செய்த முதல் மென்பொருள் சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லுக்கு. வேளாண்மை வெட்டுக் காலத்தில் நெல் வந்து குவியும். யார் எவ்வளவு கொண்டுவந்தார், எவ்வளவு காசு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு. நான் இரண்டு வாரம் வீட்டிலிருந்தே எழுதி முடித்து, 'அளவு' என்று ஒரு பெட்டி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் முதலாளி கூப்பிட்டார். திரையில் ஒரு நாளின் வரவு: 40, 2600, 25. மொத்தம் 2665. கணக்கப்பிள்ளை முதலாவதை மூட்டையில் பதிந்திருக்கிறார், இரண்டாவதைக் கிலோவில் பதிந்திருக்கிறார், மூன்றாவது மறுபடியும் மூட்டை. 65 கிலோ மூட்டை என்று வைத்தால் உண்மை மொத்தம் 6825 கிலோ. முதலாளி கோபப்படவில்லை. "தம்பி, மூட்டையில சொல்றவனும் இருக்கான், கிலோவில சொல்றவனும் இருக்கான். மூட்டையும் எல்லாம் ஒரே எடை இல்ல. நீங்க வந்து ஒரு நாள் தராசடியில நிண்டு பாத்திருக்கலாமே" என்றார்.

அடுத்த நாள் காலையிலிருந்து பின்னேரம்வரை தராசடியில் நின்றேன். மிசினில் வெட்டி அன்றைக்கே ஏற்றிவந்த நெல்லில் ஈரம் கூட, அதற்கு மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கிறார்கள். அது என் நிரலில் இல்லவே இல்லை. சாக்கின் எடையையும் கழிக்கிறார்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். கணக்கப்பிள்ளை அவர்களை ஊரையும் தகப்பன் பெயரையும் வைத்துப் பிரித்துக் கொப்பியில் எழுதியிருந்தார். அந்தக் கொப்பியை ஒரு மணி நேரம் வாசித்ததில், நான் இரண்டு வாரம் வீட்டில் யோசித்து அறியாத அத்தனையும் கிடைத்தது. அன்று இரவே 'அளவு' என்ற பெட்டியை எடுத்துவிட்டு 'மூட்டை எண்ணிக்கை', 'ஒரு மூட்டை எடை கிலோ', 'ஈரக் கழிவு கிலோ' என்று மாற்றினேன். அதிலிருந்து என் நிரல்களில் எந்த எண்ணுக்கும் அலகு இல்லாமல் பெயர் வைப்பதில்லை.

மில்லில் இந்தத் தவறால் கெட்டது நெல் கணக்கு மட்டும். 1999 செப்டெம்பரில் இதே தவறில் நாசாவின் செவ்வாய்க் கலம் ஒன்று போனது. தரையில் ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்ட் அலகில் கொடுத்தது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் வித்தியாசம் 4.45 மடங்கு. மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயை நெருங்கி அழிந்தது.

ஆகவே கடை, மில், கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலைய வாசிகசாலை என்று எதையாவது ஒன்றைப் பிடியுங்கள். ஒரு நாள் முழுக்க அங்கே நில்லுங்கள். அவர்களுடைய கொப்பியை வாசியுங்கள். அதன் பிறகு கணினியைத் திறவுங்கள். அங்கே பயன்படும் இரண்டு சின்ன விஷயங்கள்: பைதனில் 'இன்புட்' மூலம் வாங்கியது எல்லாம் எழுத்தாகத்தான் வரும், 25ஐயும் 30ஐயும் அப்படியே கூட்டினால் 2530 வரும், எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். மற்றது, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். காசுக் கணக்கைச் சதத்தில், முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர் எழுதிய நிரல்

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை யாரும் வாசிக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்பது அதன் அடிப்படை. 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இந்தத் துறையின் பண்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஊரில் நல்ல வாசிகசாலை இல்லாத பிள்ளைக்கும், கொக்கட்டிச்சோலையில் ஒரு பழைய கணினியின் முன்னால் இருப்பவருக்கும், உலகத்தில் மிகச் சிறந்தவர்கள் எழுதிய நிரல் வரிக்கு வரி திறந்து கிடக்கிறது. வேறு எந்தத் தொழிலிலும் இப்படி இல்லை.

நான் வாசிக்கச் சொல்வது சஹானா. 2004 சுனாமி எங்கள் கரையை, நாவலடியை, கல்லடியை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் சேர்ந்து எழுதியதுதான் சஹானா. காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது, எங்கே என்ன தேவை என்ற விபரம் எல்லாம் அதில் தொகுதி தொகுதியாக இருந்தன. பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பாவித்தார்கள். 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. பின்னாளில் வந்த பதிப்பான சஹானா ஈடன் பைதனில் எழுதப்பட்டது, ஆகவே நீங்கள் வாசிக்கலாம். முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்கப் பார்க்காதீர்கள். முகாம் பதிவு என்ற ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு முகாமுக்கு என்னென்ன விபரம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஏன் அதைக் கேட்கிறார்கள் என்பதற்கு உங்கள் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமே பதில் இருக்கும்.

வாசிக்கும்போது, நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் 'கிட்' என்ற கருவியைப் பாவிக்கப் பழகுங்கள். ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்காவிட்டால், அது எப்போது, என்ன குறிப்போடு சேர்க்கப்பட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

இப்போது கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. நானும் பாவிக்கிறேன். புதிதாக வருபவருக்கு ஒரே நிபந்தனை: அது தந்ததில் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல முடியாவிட்டால் அதை உங்கள் கோப்பில் ஒட்டாதீர்கள். மில்லில் அலகை விட்டது நான். அந்தக் கருவியும் தராசடியில் நின்றதில்லை.

வகுப்புகள் பற்றி: பட்டப்படிப்புக்கு வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் வாய்ப்பு இருக்கிறது, கிடைத்தால் போங்கள். தனியார் பாடநெறிக்குப் பெருந்தொகை கட்டுமுன், அங்கே படித்து முடித்தவர் எழுதிய நிரல் ஒன்றைக் கேட்டு வாங்கி வாசித்துப் பாருங்கள்.

என் அலமாரி

நிரலாக்கப் புத்தகங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், கெர்னிகனும் ரிச்சியும் 1978இல் எழுதிய சி மொழிப் புத்தகம். 300 பக்கம்கூட இல்லை. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சி படிக்காவிட்டாலும், ஒரு விஷயத்தை எப்படிச் சுருக்கமாக விளங்கப்படுத்துவது என்பதற்காக வாசிக்கலாம். வேலைக்குப் போன பிறகு ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதிய 'த மிதிக்கல் மேன்-மந்த்' புத்தகத்தை வாசியுங்கள். ஐபிஎம்மில் பெரிய இயங்குதளம் ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்தில், பிந்திப்போன வேலைக்கு ஆட்களைக் கூட்டினால் அது இன்னும் பிந்தும் என்று அவர் விளக்கியது இன்றைக்கும் அப்படியே நடக்கிறது.

மூன்றாவது எங்கள் மண்ணின் புத்தகம், விபுலானந்தரின் யாழ் நூல். 1947இல், அவர் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன் அரங்கேறியது. நிரல் எழுதுபவருக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். வழக்கொழிந்து போன ஒரு கருவி. செய்து காட்ட ஆள் இல்லை. கையில் இருப்பது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் உரைகளும் வேறு சில பழம்பாடல்களும் மட்டும். அந்த வரிகளை வாசித்து வாசித்து, கணக்குப் போட்டு, அந்தக் கருவி எப்படி இருந்திருக்கும், எப்படி இசைத்திருப்பார்கள் என்று மனிதர் கட்டியெழுப்புகிறார். எழுதியவர் போய்விட்ட, குறிப்பு எதுவும் இல்லாத பழைய மென்பொருள் ஒன்று என் கைக்கு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் புத்தகம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரு வரியையும் தேவையில்லாதது என்று தள்ளாமல், ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கும் பொறுமை அதில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. சிவானந்தா வித்தியாலயத்தில் அவருடைய சமாதியைக் கடந்து போகும் நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன்.

அதன் தமிழ் கடினம்தான். எனக்கு முழுவதும் வாசிக்க இரண்டு வருடம் சென்றது. யாழுறுப்பியலில் தொடங்கி இசைநரம்பியலுக்குப் போங்கள். விகிதக் கணக்கு வரும் இடத்தில் பைதனைத் திறந்து வையுங்கள். பழந்தமிழ் இசையில் குரல் முதற்சுரம், இளி ஐந்தாம் சுரம். குரலிலிருந்து இளி ஒன்றரை மடங்கு. 1.5ஐ 12 தடவை பெருக்கினால் 129.746337890625 வரும். 2ஐ ஏழு தடவை பெருக்கினால் 128. இளியிளியாக 12 படி ஏறினால் தொடங்கிய சுரத்துக்கே, ஏழு ஸ்தாயி மேலே, திரும்பி வர வேண்டும். ஆனால் கொஞ்சம் தாண்டிப் போய் நிற்கிறது. அந்தக் கொஞ்சத்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே அடுத்த இயலைப் புரட்டுங்கள்.